நுரை அடங்குவதற்குள்

அன்புள்ள கோமதிநாயகத்துக்கு,

நேற்று பஸ் ஏறிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போய் உன் மனைவி செல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. கால் மட்டும் சற்று வீங்கியிருக்கிறது. ஐப்பசி முடிவதற்குள் பிள்ளை பிறந்துவிடும் என்று அவள் தாயார் சொன்னார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "மாமா, அவுக வருவாகளா?" என்று கேட்டாள். "வருவாம்மா" என்றேன். வகுப்பில் விடை தெரியாத கேள்வி வந்தால் இப்படித்தான் ஏதாவது சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டுவேன். இதற்குப் புரட்டப் புத்தகம் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

பங்குனி உத்திரத்துக்குப் பிறகு நீ சங்கரன்கோவிலுக்கு வரவே இல்லை. செல்லத்தை உன் புனலூர் வீட்டிலிருந்து அழைத்து வந்ததும் அவளுடைய அண்ணன்தான். நீ ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது இன்னொரு காரியம் வந்து சேர்ந்திருக்கிறது. போன வாரம் உன் சித்தப்பாவும் உன் தம்பி சண்முகமும் என் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். சித்தப்பாதான் பேச்சைத் தொடங்கினான். "அண்ணாச்சி, பாஷை பாத்து ராஜ்யத்தைப் பிரிக்காவ. நவம்பர் பொறந்தா திருவிதாங்கூர்ல இருக்கிற செங்கோட்டை ஊரு நமக்கு வந்துரும். ஆனா மலை கேரளத்துக்குப் போயிரும். நம்ம சாஸ்தா மலையில இருக்காரு. வருசா வருசம் இன்னொரு ராஜ்யத்துக்குப் போயி நம்ம சாமியைக் கும்பிடணுமா? தை மாசம் பிடிமண் எடுத்துட்டு வந்து இங்கனயே வச்சிருவோம்." பிடிமண் எடுப்பது என்றால் நம் குலதெய்வமான சாஸ்தாவின் காலடியிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து வந்து, நம் ஊரில் வைத்து, அதன்மேல் புதிதாகக் கோயில் எழுப்புவது. அந்த மண்ணைக் குடும்பத்தில் மூத்தவன் தன் கையால் எடுக்க வேண்டும். அவனுடைய மூத்த மகன் துண்டில் ஏந்த வேண்டும். அதாவது, நான் எடுத்து நீ ஏந்த வேண்டும். உன்னை வரவழைக்கும்படி எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன் என்று சொன்னேன். இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் எழுதச் சொன்னதைத்தான் எழுதப் போகிறேனா என்பது இந்த வரிவரைக்கும் எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுதுகிறேன். பிறக்கப் போகிற பிள்ளை ஒருநாள் இதைப் படிக்கலாம். அப்போது நான் இருக்க மாட்டேன். நம் திருநெல்வேலிச் சீமையில் ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் ஊரைக் கேட்பார்கள், பேரைக் கேட்பார்கள், கடைசியில் "உங்க சாஸ்தா எது?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் வேர் இருப்பதாகக் கணக்கு. நம் சாஸ்தா ஆரியங்காவுக்கு அப்பால், காட்டுக்குள், ஓடைக்கரையில் இருக்கிறார். நம் முன்னோர் எப்போது, எதற்காக அங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. என் அப்பாவுக்கும் தெரியாது. பங்குனி உத்திரத்தன்று எல்லோரும் அங்கே கூடுவோம். ஒவ்வொருவரும் தன் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி கொண்டுவர வேண்டும். பானையில் பால் பொங்கி நுரை மேலெழுந்ததும் மூத்தவன் தொடங்கி இளையவன்வரை வரிசையாக அரிசி இடுவோம். நுரை அடங்குவதற்குள் எல்லோரும் இட்டாக வேண்டும். அடங்கியபின் யாருடைய அரிசியும் சேராது. சேராதவன் அந்த வருஷம் முழுக்க அந்தப் பானைக்கு அந்நியன்.

உலகச் சண்டைக் காலத்தில் அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது உனக்கு நினைவிருக்கும். நம் ஜில்லாவிலிருந்து திருவிதாங்கூருக்கு அரிசி கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு. அந்தப் பங்குனியில் தென்காசியில் ரயிலை விட்டு இறங்கி, செங்கோட்டையில் உன் தாத்தா வீட்டுக்கு மாட்டுவண்டியில் போய்க்கொண்டிருந்தோம். எல்லையில் நம் பக்கத்துக் காவல்காரர் வண்டியை நிறுத்தினார். உன் அம்மையின் மடியில் இருந்த துணிமுடிச்சைப் பார்த்துவிட்டார்.

"ஏக்கா, அது என்ன?"

"சாஸ்தாவுக்குப் பிடியரிசி."

"அரிசி எல்லை தாண்டப்படாது."

"எங்க சாமி எல்லைக்கு அங்கன இருக்காரே. அவர இங்கன வந்து வாங்கிட்டுப் போவச் சொல்லுதியளா?"

"சட்டமுக்கா. சாமிக்குன்னு அதுல ஒண்ணும் எழுதல."

"அப்ப சாமிக்கும் ஒரு ரேஷன் கார்டு எழுதிக் குடுங்க. தலைமாட்டுல வச்சுட்டு வாரோம்."

வண்டிக்காரன் சிரித்துவிட்டான். காவல்காரருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வழி விடவில்லை. நான் வண்டியை விட்டு இறங்கி அவருக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினேன். எதையும் தூரத்திலிருந்து தொடங்குவது என் வழக்கம். வெள்ளைக்காரன் இந்த எல்லையை அளந்த காலத்திலிருந்து தொடங்கினேன் என்று உன் அம்மை பிற்பாடு பலரிடம் சொல்லிச் சிரித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாத்தியாரய்யா, எங்க சாஸ்தாவும் அந்த மலையிலதான் இருக்காரு. லீவு கெடைக்காம நான் போயி ரொம்ப வருசமாச்சு" என்றார். கொஞ்ச நேரம் மலையையே பார்த்தார். பிறகு, "மூட்டை, முடிச்சு, பை எதுவும் போவப்படாதுன்னுதான் உத்தரவு. கைக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கச் சொல்லி உத்தரவு இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

முடிச்சை அவிழ்த்து ஆளுக்கொரு பிடி அரிசி எடுத்துக்கொண்டோம். மூடிய கைகளோடு எல்லையைக் கடந்து நடந்தோம். உன் அம்மை முன்னால், நான் பின்னால், நீங்கள் இருவரும் நடுவில். சண்முகத்துக்கு அப்போது சின்னக் கை. விரலிடுக்கு வழியாக வழிநெடுக அரிசி சிந்திவிட்டது. தாத்தா வீட்டு வாசலில் கையைத் திறந்து பார்த்தபோது உள்ளங்கையில் வேர்வைதான் இருந்தது. "நான் சாமிக்கு என்னத்தப் போட?" என்று அழுதான். நீ உன் கையில் இருந்ததில் பாதியை அவன் கையில் கொட்டி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, "இறுக்கிப் பிடிலே" என்றாய். மறுநாள் மலையில் இருவருமே அரைப் பிடிதான் இட்டீர்கள். அதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

உங்கள் இருவருக்கும் நடுவே எல்லை வந்ததும் வழக்கத்தால்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் நீ செங்கோட்டையில் பிறந்தாய், திருவிதாங்கூர்க்காரன் ஆனாய். உன் அம்மைக்கு இரண்டாவது பிரசவம் இங்கே நடந்ததால் சண்முகம் சென்னை மாகாணத்துக்காரன் ஆனான். நீ அங்கே பிறந்தவன் என்பதால் புனலூர் காட்டிலாகா ஆபீசில் உனக்குக் கிளார்க்கு வேலை கிடைத்தது. லீவுக்குத் தாத்தா ஊருக்குப் போய் வந்ததில் மலையாளமும் உனக்கு வந்திருந்தது. அன்று அதைப் பெரிய அதிர்ஷ்டமாக நினைத்தேன். நான் வகுப்பில் ஜில்லாவின் எல்லைகளை ஒப்பிக்கச் சொல்லும்போது பிள்ளைகள், "மேற்கே மலை, அதற்கு அப்பால் திருவிதாங்கூர்" என்று ராகம் போடுவார்கள். நீ வீட்டில் அதைப் படிக்கும்போதெல்லாம் உன் அம்மை அடுப்படியிலிருந்து, "அப்பாலாம்லா, அப்பால். எங்க ஐயா வீடு என்ன கடல் தாண்டியா இருக்கு?" என்பாள். அவள் இருந்திருந்தால் இந்தப் பங்குனியில் அப்படி நடந்திருக்காது. அவள் என்னைப்போலச் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை.

சண்முகத்தைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊர்வலங்களில் போய் அவன் கத்துவதை மட்டும்தான் நீ பார்த்திருக்கிறாய். உன் தாத்தாவின் கடைசிக் காலத்தில் அவருடைய வயல் சம்பந்தமாக மலையாளத்தில் ஒரு நோட்டீஸ் வந்தது. நீ அப்போது புனலூரில் இருந்தாய். லீவுக்குப் போயிருந்த சண்முகம் கிழவரைக் கூட்டிக்கொண்டு அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடி வெயிலில் தெருத்தெருவாக அலைந்தான். கடைசியில் ஒரு டீக்கடையில் படித்துச் சொன்னவன், "இதுகூடத் தெரியாம இந்த நாட்டுல எதுக்கு இருக்கேரு?" என்று கேட்டானாம். தன் நிலத்தில், தன் ஊரில் கிழவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றதை அவன் பார்த்தான். செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு எந்த மேடையிலும் வந்ததில்லை. அந்த டீக்கடையில் வந்தது. அதற்காக அவன் முதுகில் தடியடித் தழும்பு இருக்கிறது. உன்னிடம் காட்டியிருக்க மாட்டான். அவன் கேட்டது நியாயம் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். உன் அம்மை பிறந்த ஊர் நம்மோடு வருவதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் கோடு போடுகிறவர்கள் ஒன்றை நமக்குக் கொடுக்கும்போதே இன்னொன்றை எடுத்துவிடுகிறார்கள். ஊர் வந்தது, மலை போனது. தம்பி வென்றான். ஆனால் வென்றதைச் சொல்லிக்கொள்ள வீட்டில் அண்ணன் இல்லை.

இனிப் பங்குனி உத்திரத்தைப் பற்றி. மலை கேரளத்துக்கே போய்விடும் என்ற பேச்சு வந்து எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்த சமயம். பால் பொங்கியது. நான் என் பிடி அரிசியை இட்டேன். அடுத்து நீ. உன் கை பானைக்கு மேலே வந்தபோது சண்முகம் குறுக்கே கையை நீட்டினான்.

"அண்ணன் எந்தப் பக்கமுன்னு மொதல்ல சொல்லட்டும். பொறவு போடட்டும்."

நீ, "சாஸ்தா பக்கம்" என்றாய். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

"வெளையாடாதிய. மலையும் நமக்குத்தான்னு மனு எழுதிக் கொண்டுவந்தேன். கையெழுத்துப் போட மாட்டேன்னது யாரு?"

"நான்தான். ஏன்னு கேட்டியா?"

"சொல்லுங்க, கேப்போம்."

"புனலூர்ல என்னைப் பாண்டிங்கான். சங்கரன்கோவில்ல மலையாளத்தான்னு கூப்பிடுதான். ஆரியங்காவு குகைக்குள்ள ரயில் போவுதுல்லா, அந்த இருட்டுக்குள்ள மட்டுந்தான் நீ யாருன்னு என்னை ஒருத்தனும் கேக்க மாட்டான். நான் எந்தப் பக்கமுன்னு கையெழுத்துப் போடலே?"

"இதெல்லாம் பேச்சு. ஒரு பக்கம் நிக்க முதுகெலும்பு வேணும்."

சித்தப்பா, "ஏலே, ரெண்டு பேரும் வாய மூடுங்க, நுரை அடங்குது" என்று அதட்டினான். பிறகு எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "அவன் அரிசியைப் போடட்டும், கையை எடுலே" என்று நான் சொல்லியிருந்தால் போதும். உன் அம்மையாக இருந்தால் சண்முகத்தின் கையைத் தட்டிவிட்டிருப்பாள். நான் என்ன செய்தேன்? "மலை உச்சியில ஒரு மழை பெய்யுதுன்னு வச்சுக்கிடுங்க" என்று தொடங்கினேன். கிழக்குச் சரிவில் விழுந்த துளி சிற்றாற்றுக்குப் போகிறது, மேற்குச் சரிவில் விழுந்த துளி கல்லடை ஆற்றுக்குப் போகிறது, ஆனால் பெய்தது ஒரே மழைதானே என்று முடிக்க நினைத்தேன். எத்தனையோ வருஷம் வகுப்பில் சொல்லிப் பிள்ளைகள் கண் விரியக் கேட்ட உதாரணம். சிற்றாறுவரை வந்திருந்தேன். அதற்குள் சித்தப்பா மற்றவர்களை அவசரப்படுத்த, ஒவ்வொருவராக அரிசியை இட்டார்கள். சண்முகமும் இட்டான். நுரை அடங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். என் மழை மலையுச்சியிலேயே நின்றுவிட்டது.

நீ கையைத் திறக்கவில்லை. யாரையும் ஏசவில்லை. மூடிய கையோடு ஓடையைத் தாண்டி, ஒற்றையடிப் பாதையில் ஸ்டேஷனை நோக்கி இறங்கிப் போனாய். அன்று எல்லையைக் கடந்த அதே கை. பொங்கலை இலையில் வைத்தார்கள், எனக்கு இறங்கவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த சண்முகத்துக்கும் இறங்கவில்லை.

உன் மேஜைக்கு ஒரு தாள் வந்திருக்கும். கேரளத்தில் இருக்கிறாயா, சென்னை ராஜ்யத்துக்கு மாற்றிக்கொள்கிறாயா என்று உன் விருப்பத்தைக் கேட்டிருப்பார்கள். அதில் நீ என்ன எழுத வேண்டும் என்று சொல்லும் உரிமையை நான் அந்த ஓடைக்கரையில் இழந்துவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். கோபத்தில் அங்கே இருக்காதே. வெட்கத்தில் இங்கே வராதே. எழுதும்முன் செல்லத்தைக் கேள். இந்த எல்லைப் பேச்சில் ஆண்கள் எல்லோரும் தொண்டை வற்றப் பேசினோம். மணமாகி ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போய்க் குடும்பம் நடத்துகிறவர்களை ஒருவரும் கேட்கவில்லை. உன் அம்மையை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நீ எதை எழுதினாலும் அதைக் காரணமாக்கி யாரும் உனக்கு இந்த வீட்டுக் கதவை அடைக்க நான் இருக்கும்வரை விடமாட்டேன்.

பிடிமண்ணைப் பற்றி. நேற்றிரவு இதுவரை எழுதி நிறுத்தியபோது என் மனமும் எனக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. இன்று காலை சண்முகத்தைக் கூப்பிட்டு, "நான் மண் எடுக்க மாட்டேன், உங்க அண்ணனையும் ஏந்தச் சொல்ல மாட்டேன்" என்றேன். இங்கே இன்னொரு சாஸ்தாவை வைத்துவிட்டால் பிறகு யாரும் மலைக்குப் போக மாட்டார்கள். உன் பிள்ளையும் சண்முகத்தின் பிள்ளைகளும் "உங்க சாஸ்தா எது?" என்ற கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்வார்கள். அதோடு முடிந்தது.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நீங்க எனக்கும் அப்பாதான?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் வெளியே போய்விட்டான். மாலையில் சித்தப்பா வந்து, மூத்தவர் சம்மதிக்காவிட்டால் அடுத்தவன் எடுப்பதற்கும் வழி இருக்கிறதென்றும், தையில் தானே எடுக்கப் போவதாகவும் சொல்லிவிட்டுப் போனான். ஆகவே, நான் மறுத்ததால் எதுவும் நிற்கப் போவதில்லை. இங்கே கோயில் வரும். பங்குனியில் எல்லோரும் அந்தக் கோயிலிலேயே கூடுவார்கள். அப்படியும் நான் மறுத்தேன். இதனால் ஒரு மகனைப் பெற இன்னொரு மகனை இழக்கிறேனோ, இரண்டு பேரையுமே இழக்கிறேனோ, தெரியவில்லை. சண்முகம் இன்னும் வீடு திரும்பவில்லை. அவனுக்குச் சோறு எடுத்து மூடி வைத்திருக்கிறேன்.

பிள்ளை பிறந்ததும் தந்தி கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வந்து பார். கரிவலத்துக்கு நேராகப் போய்த் திரும்பினாலும் சரி. என்னைப் பார்க்க வர வேண்டும் என்று இல்லை. உன் பிள்ளை உனக்கு அந்நிய ராஜ்யத்தில் பிறக்கப் போகிறது. நீயும் உன் அப்பாவுக்கு அந்நிய ராஜ்யத்தில் பிறந்தவன்தான். நான் செங்கோட்டைக்கு வந்து உன்னைத் தூக்கியபோது அதில் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு மூச்சு முன்போல் இல்லை. கோயில் வாசல்வரை நடந்தாலே நின்று நின்றுதான் போகிறேன். ஆனாலும் பங்குனியில் மலைக்குப் போவதாக இருக்கிறேன். ஆரியங்காவில் இறங்கிவிட்டால் எப்படியும் ஓடைவரை போய்விடுவேன். என்னோடு யாரும் வருவார்கள் என்று தோன்றவில்லை. சண்முகத்தைக் கூப்பிடுவேன். வந்தால் சந்தோஷம். சின்னப் பானை போதும். பால் பொங்கும்போது என் பிடி அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். நீ வந்தால் இந்தத் தடவை நீ முதலில் இடு. பிறகு நான் இடுகிறேன். நீ வராவிட்டால் நுரை அடங்கட்டும். நானும் கையைத் திறக்காமல் மலையிறங்கி வந்துவிடுகிறேன்.

வந்தால், உதாரணம் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உன் அப்பா